தகர்த்தவன் யார்? போர்க்காலப் பாலத் தகர்ப்புக் கதைகளில் வினைமுதலும் அறச்சுமையும்

1. முன்னுரை

போர் பற்றிய இலக்கியங்களை ஆராய்வோர் பெரும்பாலும் வீரம், வெற்றி, கையறுநிலை ஆகியவற்றையே முதன்மையாக நோக்கி வந்துள்ளனர். பகைவர் பயன்கொள்ளாதவாறு ஒரு பாலத்தையோ, குளத்தையோ, ஊரையோ அழித்துவருமாறு அனுப்பப்படும் வீரனின் நிலை போதிய அளவு கவனிக்கப்படவில்லை. எதிர்நின்று போரிடுபவனுக்கு எதிரி ஒருவன் உண்டு. அவ்வெதிரி படைக்கலம் ஏந்தியிருத்தலே கொலைக்கு ஒருவகை ஞாயமாக அமைகிறது. தகர்ப்புப் பணிக்குச் செல்பவன் முன் நிற்பதோ ஓர் அஃறிணைப் பொருள். அது யாரையும் தாக்குவதில்லை. அதனைக் கட்டிய உழைப்பும், அதன்மேல் கடந்து செல்லும் உயிர்களும் அதில் அடங்கியுள்ளன. ஆகவே அவனுடைய அறச்சுமை வேறு வகையானது.

இச்சுமை மொழியில் எவ்வாறு சுமத்தப்படுகிறது, எவ்வாறு இறக்கிவைக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. புறத்திணைப் பாடல்கள் சில, 1942ஆம் ஆண்டின் சிட்டாங் பாலத் தகர்ப்பு, பியர் பூல் எழுதிய குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய பிரெஞ்சு நாவல் (1952), அதனைத் தழுவி டேவிட் லீன் இயக்கிய திரைப்படம் (1957) ஆகியவை ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. திரைப்படம் இலங்கையின் கித்துல்கல என்னுமிடத்தில், களனி ஆற்றின்மேல் மெய்யாகவே ஒரு பாலம் கட்டி, மெய்யாகவே அதனைத் தகர்த்து எடுக்கப்பட்டது. கதை நிகழும் சயாம்–பர்மா இரயில் பாதையோ பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரின் உயிரைக் குடித்தது. எனவே இக்கதை தமிழருக்கு அயற்கதை அன்று.

2. இலக்கணச் சட்டகம்

தமிழில் அழிவைக் குறிக்கும் வினைகள் பெரும்பாலும் இணையாக அமைகின்றன.

(1) பாலம் தகர்ந்தது.
(2) வீரன் பாலத்தைத் தகர்த்தான்.
(3) பாலம் தகர்க்கப்பட்டது.
(4) தலைவன் வீரனைக் கொண்டு பாலத்தைத் தகர்ப்பித்தான்.

இடிந்தது–இடித்தான், எரிந்தது–எரித்தான், அழிந்தது–அழித்தான் என்பனவும் இவ்வாறே. இத்தகைய இணைவினைகளைச் செயப்படுபொருள் குன்றியவை, குன்றாதவை எனப் பிரிப்பதோடு அமையாமல், எழுவாய் வினையின் விளைவைத் தானே ஏற்கிறதா, பிறிதொன்றின்மேல் செலுத்துகிறதா என நோக்குதல் வேண்டும் என்பது கு. பரமசிவம் 1979இல் வெளியான தம் ஆய்வில் நிறுவிய கருத்து. (1)இல் பாலமே எழுவாய். விளைவும் அதன் மேலதே. செய்தவன் இருந்தானா என்ற வினாவே அவ்வாக்கியத்தில் எழுவதில்லை. (3)இல் செய்தவன் ஒருவன் இருந்தான் என்பது வினைவடிவத்தால் பெறப்படுகிறது. அவன் பெயர்தான் மறைக்கப்படுகிறது. மறைப்பதற்கும் இல்லாததாக்குவதற்கும் உள்ள இவ்வேறுபாடு நம் ஆய்வுக்கு இன்றியமையாதது.

கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இருவகைப்படுத்துவது தமிழ் இலக்கண மரபு. அரசன் குளம் தோண்டினான் என்றால் மண்வெட்டி பிடித்தது அரசன் கையன்று. நன்மை பயக்கும் செயல்களில் இப்பகுப்பு இடர் எதனையும் தருவதில்லை. குளம் தோண்டிய புகழை அரசனும் கூலியாளரும் பகிர்ந்துகொள்ளலாம். அழிவுச் செயலிலோ இருவரும் ஒருவரை ஒருவர் சுட்டிக் காட்டித் தப்பிக்க இப்பகுப்பே வழிசெய்கிறது. மேலும், தொல்காப்பியர் வினைமுதல், கருவி ஆகிய இரண்டையும் மூன்றாம் வேற்றுமைக்கே உரியனவாகக் கூறுகிறார். வாளால் வெட்டினான் என்பதிலும், கொற்றனால் வெட்டப்பட்டது என்பதிலும் ஓர் உருபே வருகிறது. படைவீரன் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவன். ஆணையிட்டவனுக்கு அவன் கருவி. இறந்தவனின் சுற்றத்தாருக்கு அவன் வினைமுதல். தனக்குத் தான் யார் என்பதே அவன் விடைகாண வேண்டிய வினா.

தொழில் நிகழ்வதற்கு வேண்டியவற்றைத் தொல்காப்பியர் எட்டாக எண்ணுகிறார். வினை, செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி ஆகிய ஆறுடன் யார்பொருட்டு, என்ன பயனுக்கு என்னும் இரண்டும் சேர்ந்து எட்டாகும். இவற்றுள் சில வழக்கில் குறைந்தும் வரும் என்று அவரே அடுத்துச் சொல்வது கருதத்தக்கது. எவை குறைகின்றன என்பது சொல்பவனின் விருப்பத்தைப் பொறுத்தது. தகர்ப்புக் கதைகளில் அவ்விருப்பம் அறம் சார்ந்த ஒரு தெரிவாகிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

3. வஞ்சித்திணையில் அழிப்பு

மண்ணாசை பற்றி ஒரு வேந்தன் மற்றொரு வேந்தன்மேல் செல்லுதல் வஞ்சி. பகைநாட்டில் தீப் பரவுதலைத் தொல்காப்பியம் அதன் துறைகளுள் ஒன்றாகவே வைத்துள்ளது. புறப்பொருள் வெண்பாமாலை இதனை மேலும் பகுத்து, எரியூட்டுதலை உழபுலவஞ்சி என்றும், கொள்ளையிடுதலை மழபுலவஞ்சி என்றும் பெயரிடுகிறது. ஆகவே, அழிப்பைப் பாடாது விடுவது நம் மரபன்று. பாடுவதற்கெனத் துறை வகுத்தே வைத்தது நம் மரபு.

புறநானூற்றின் ஏழாம் பாடலில் கருங்குழல் ஆதனார் கரிகாலனை முன்னிலைப்படுத்தி, ஊர் எரியும் ஒளியில் மக்கள் கதறும் ஓசையோடு அவன் கொள்ளைகொள்வதைக் கூறி, வளம்மிக்க அந்நாடுகள் நலம் இழந்தன என முடிக்கிறார். பதினாறாம் பாடலில் பாண்டரங்கண்ணனார், வீடுகளை முறித்து விறகாக்கியதையும், காவலுடைய நீர்த்துறைகளில் யானைகளை இறக்கியதையும் பெருநற்கிள்ளியின் செயல்களாகச் சொல்கிறார். இப்பாடல்களில் வினைமுதல் ஐயத்துக்கு இடமின்றி வேந்தனே. எரித்த கைகள் ஆயிரம் இருந்திருக்கும். பாட்டில் இருப்பது ஏவுதற் கருத்தா ஒருவன்தான்.

இதனை இருவகையாகக் கொள்ளலாம். படைவீரனைப் பொருட்படுத்தாத அரசவை மரபு இது என்பது ஒன்று. செயலின் பொறுப்பு உரியவனிடமே சென்று சேருமாறு புலவர் பார்த்துக்கொண்டனர் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கும் சான்று உண்டு. ஐம்பத்தேழாம் பாடலில் காரிக்கண்ணனார், விளைநிலத்தைக் கொள்ளையிடினும், ஊரை எரியூட்டினும், பகைவரின் காவல்மரங்களை மட்டும் வெட்டாது விடுமாறு பாண்டியன் நன்மாறனிடம் வேண்டுகிறார். அம்மரங்கள் உன் யானைகளைக் கட்டத் தாங்கா என்பதே அவர் கூறும் காரணம். அறம் என்று சொன்னால் கேளாதவனிடம் பயன் இல்லை என்று சொல்லித் தடுக்கும் உத்தி இது. தொல்காப்பியர் கூறிய எட்டனுள் இறுதியானதாகிய பயனைப் பற்றிக்கொண்டு வினையையே நிறுத்த முயல்கிறார் புலவர் எனலாம்.

எனினும் இயற்றுதற் கருத்தாவின் குரல் இங்கு இல்லை. தீக்கொள்ளியைப் பிடித்தவன் அன்றிரவு உறங்கினானா என்ற வினாவுக்கு வஞ்சித்திணையில் துறை இல்லை. புண்பட்ட வீரரை வேந்தன் தழுவிக்கொள்ளும் தழிஞ்சி உண்டு. ஆனால் அத்தழுவல் பகைவர் தந்த புண்ணுக்கே உரியது.

4. சிட்டாங், 1942

இரண்டாம் உலகப்போரில் சப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது, 17ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிவு சிட்டாங் ஆற்றை நோக்கிப் பின்வாங்கியது. ஆற்றின்மேல் இருந்தது ஓர் இரயில் பாலம். அது பகைவர் கைக்குச் சென்றால் இரங்கூனுக்கு வழி திறந்துவிடும். 1942 பிப்ரவரி 23 அன்று விடியற்காலையில், பிரிவின் பெரும்பகுதி இன்னும் கிழக்குக் கரையிலேயே சிக்கியிருந்த நிலையில், பாலம் தகர்க்கப்பட்டது. வெடிவைக்கும் பணி மாலேர்கோட்லா பொறியாளர் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பாலத்தைக் காத்துநின்ற படையணியின் தலைவர் ஹியூ ஜோன்ஸ் முடிவை முன்வைத்தார்; பிரிவின் தலைவர் ஜான் ஸ்மித் இசைவு அளித்தார்.

மறுகரையில் இருந்தோர் இந்தியரும், கூர்க்கரும், பர்மியரும், பிரித்தானியரும் ஆவர். பலர் மூங்கிலையும் மரத்துண்டுகளையும் பற்றிக்கொண்டு அகன்ற அவ்வாற்றை நீந்திக் கடக்க முயன்றனர், பலர் மூழ்கினர். பின்னர் ஒன்றுதிரட்டப்பட்ட காலாட்படையினர் ஏறத்தாழ 3,500 பேர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோரிடம் துப்பாக்கி இல்லை. மார்ச் 8 அன்று இரங்கூன் வீழ்ந்தது. ஸ்மித் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

இந்நிகழ்ச்சியில் எட்டனுள் எதுவும் மறைந்ததில்லை. வினை, இடம், காலம், கருவி யாவும் தெளிவு. சிக்கல் இறுதி இரண்டில்தான் எழுகிறது. யார்பொருட்டு? படையின்பொருட்டு. ஆனால் அப்படையே மறுகரையில் நிற்கிறது. என்ன பயனுக்கு? இரங்கூனைக் காப்பதற்கு. ஆனால் அதுவும் இரு வாரங்களில் வீழ்கிறது. பயன் பொய்த்தபின் வினை மட்டும் எஞ்சுகிறது. வினை எஞ்சும்போது வினைமுதலைத் தேடும் முயற்சியும் தொடங்குகிறது. போர் வரலாறுகள் இன்றளவும் விவாதிப்பது ஆணை சரியா, தவறா என்பதையே. ஆணையை நிறைவேற்றிய பொறியாளனின் சுமை அவ்விவாதத்தில் இடம்பெறுவது அரிது. ஆணையிட்டவரும் சுமையற்றவர் அல்லர் என்பதையும் மறுத்தற்கில்லை. தகர்க்காது விட்டிருந்தால் விளைந்திருக்கக்கூடிய அழிவுக்கும் அவர்களே பொறுப்பாகியிருப்பர். எந்த வழியிலும் குற்றமின்றி வெளிவர இயலாத இந்நிலையே தகர்ப்புப் பணியின் தனித்தன்மை.

5. குவாய் பாலம்: நாவலும் திரைப்படமும்

பூல் மலேயாவில் இரப்பர்த் தோட்டப் பொறியாளராக இருந்தவர். போரின்போது இரகசியப் பணியில் ஈடுபட்டுச் சிறைப்பட்டவர். கட்டுதலையும் அழித்தலையும் உள்ளிருந்து அறிந்தவர் என்பது கதையமைப்பிலேயே புலனாகிறது. கைதிகளின் தலைவரான நிக்கல்சன் தம் படையின் மானத்தைக் காக்கும் பொருட்டுப் பகைவருக்குச் சிறந்ததொரு பாலத்தைக் கட்டித்தருகிறார். அதனைத் தகர்க்க வார்டன், ஷியர்ஸ், ஜாய்ஸ் ஆகியோர் காட்டுவழியாக வருகின்றனர். கட்டும் கடமையும் தகர்க்கும் கடமையும் ஒரே படைக்கு உரியனவாக மோதிக்கொள்கின்றன.

அறச்சுமையின் முழு வடிவத்தையும் காட்டுபவன் இளைஞனாகிய ஜாய்ஸ். திரைப்படத்தில், எதிரியை வெறும் கத்தியால், நிதானமான மனத்தோடு கொல்ல உன்னால் இயலுமா என்று பயிற்சிக் காலத்தில் அவனிடம் கேட்கப்படுகிறது. அறியேன் என்பதே அவன் விடை. பின்னர்க் காட்டில் ஓர் இளம் சப்பானிய வீரனை நேருக்கு நேர் காணும்போது அவன் கை எழுவதில்லை. அத்தயக்கத்தின் விலையாக வார்டன் காலில் காயமுறுகிறார். அடுத்தமுறை, பாலத்தடியில், அவன் தயங்குவதில்லை, சைட்டோவைக் கொல்கிறான். தயக்கம் குற்றமாக எண்ணப்பட்டதால் கொலை கடமையாக மாறுகிறது. இம்மாற்றத்தைப் படம் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. இதுவே படத்தின் சிறந்த பகுதி என்பது என் கருத்து.

இறுதிக் காட்சி மொழியியலாளர் கூர்ந்து நோக்கத்தக்கது. இரவில் ஆற்றுநீர் வடிந்தமையால் வெடிக்கம்பி வெளிப்படுகிறது. நிக்கல்சன் அதனைக் கண்டுபிடித்துத் தொடர்ந்து செல்கிறார். ஜாய்ஸும் ஷியர்ஸும் இறக்கின்றனர். தாம் செய்தது என்ன என்று நிக்கல்சன் தம்மையே வினவிக்கொள்கிறார். வார்டனின் மோர்ட்டார் குண்டால் காயமுற்றுத் தள்ளாடி, வெடிப்பொறியின் பிடிமேல் விழுகிறார். அதனைத் தமிழில் சொல்ல முற்படுவோர் பின்வருமாறே சொல்வர்.

(5) அவர் விழுந்தார்.
(6) வெடி வெடித்தது.
(7) பாலம் தகர்ந்தது.

மூன்றும் விளைவைத் தம்மேல் ஏற்கும் வினைகள். தகர்ப்பதற்கென்றே கடல்கடந்து வந்த படையில் ஒருவரும் பாலத்தைத் தகர்க்கவில்லை. அவர் விழுந்தாரா, வேண்டுமென்றே அழுத்தினாரா என்பதைப் படம் தெளிவுபடுத்தாமல் விடுகிறது. படத்திற்குக் காட்சி போதும். தமிழில் கதைசொல்பவனோ விழுந்தார் என்பதா, அழுத்தினார் என்பதா என ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். அழுத்தினார் என்றால் அவர் மீட்சி பெறுகிறார். விழுந்தார் என்றால் தற்செயல் அவர் பொறுப்பைப் பறித்துக்கொள்கிறது.

நாவலின் முடிவு இதனினும் கடுமையானது. அதில் பாலம் தகர்வதில்லை, நின்றுவிடுகிறது. தம் தோழர் உயிரோடு பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளாகாதிருக்க வார்டன் அவர்கள்மேலேயே குண்டு வீசுகிறார். பின்னர் மேலதிகாரியிடம் அதனை அறிக்கையாகச் சொல்கிறார். செய்வதற்குரியது அது ஒன்றே என்கிறார். இங்குத் தற்செயலின் புகலிடம் இல்லை. திரைப்படத்திலோ வார்டன் இதே ஞாயத்தைச் சுமைதூக்கி வந்த சயாமியப் பெண்களிடம் சொல்கிறார். அவர்கள் அவரை விட்டு விலகி நிற்கின்றனர். அவர் பேசும் மொழி அவர்களுக்கு உரியதன்று. கேட்போர் அறியாத மொழியில் சொல்லப்படும் குற்றவொப்புதல் அது. அவர் கூற்றைத் தமிழாக்கினால், சுட்டேன் என்று முடியாது. எனக்குச் சுட வேண்டி வந்தது என்றே முடியும். எழுவாய் நான்காம் வேற்றுமை ஏற்று எனக்கு என்றாகும்போது, வினைமுதல் வினையை அடைந்தவனாக மாறிவிடுகிறான். கட்டாயத்தைக் குறிக்கும் இவ்வாக்கிய அமைப்பு பொய் என்று ஒதுக்கத்தக்கதன்று, கட்டாயம் மெய்யானதே. ஆயின் சுட்டேன் என்பதும் மெய்யே. இரண்டையும் ஒருசேரச் சொல்ல இயலாமையே வார்டனின் சுமை.

திரைக்கதையின் வரலாறும் ஈண்டுக் கருதத்தக்கது. அதற்கான ஆஸ்கர் விருது, அதனை எழுதாத பூலின் பெயருக்கே வழங்கப்பட்டது. எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் அமெரிக்காவில் அரசியல் காரணத்தால் தடைப்பட்டியலில் இருந்தனர். அவர்கள் இறந்த பின்னரே விருது அவர்களுக்கு உரியதாக்கப்பட்டது. வினைமுதல் யார் என்று கேட்கும் படத்திற்கே வினைமுதல் மறைக்கப்பட்டிருந்தது.

6. மறைந்த கைகள்

இத்துணை நுட்பமாக அறத்தை ஆராயும் இவ்விரு படைப்புகளும் ஓரிடத்தில் வழுவுகின்றன. தகர்த்தவன் யார் என்று கேட்பவை, கட்டியவன் யார் என்பதை முழுமையாகக் கேட்கவில்லை. 1942 முதல் 1943 அக்டோபர் வரை, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட அப்பாதையில் நேசநாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் உழைத்தனர். 12,000 பேருக்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளரோ அவர்களினும் பன்மடங்கினர். மதிப்பீடுகள் வேறுபடினும் அவர்களுள் இறந்தோர் 90,000 அளவில் இருக்கலாம் எனப் பெரிதும் கூறப்படுகிறது. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் இவர்களுள் பெருந்தொகையினர். படத்தில் பாலம் பிரித்தானியரின் திறமைக்குச் சான்றாக எழுந்து நிற்கிறது. தமிழன் அதில் இல்லை. காஞ்சனபுரியில் இருந்த மெய்யான பாலங்களைத் தாக்கியதும் காட்டுவழி வந்த கமாண்டோக்கள் அல்லர். 1945இல் வானிலிருந்து விழுந்த குண்டுகளே. குண்டு வீசிய விமானிக்கு அங்கு உழைத்தவரின் முகம் தெரிந்திருக்க வழியில்லை.

மாட்டுங்காவில் என் வீட்டருகே வாழ்ந்த முதியவர் ஒருவரின் தமையனார் மலேயாத் தோட்டமொன்றிலிருந்து சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதவர். இப்படத்தைப் பார்த்துவிட்டு வந்த அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "பாலத்தை யார் வெடிச்சான்னு இவ்வளவு நேரம் காட்டுறானே, சார், எங்க அண்ணன் எங்கே?" அவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடையில்லை. இக்கட்டுரைக்கு அதுவே தொடக்கம்.

இவ்விடைவெளியை நிரப்ப முயல்பவை மலேசியத் தமிழ்ப் புதினங்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகியவை தொழிலாளரின் பக்கம் நின்று இப்பாதையைக் காண்பவை. பூலின் நாவலோடு இவற்றை ஒருசேரப் படிக்கும்போதுதான் செயப்படுபொருளாகிய பாலத்தின் முழுப்பொருளும் விளங்கும்.

அண்மை வழக்கிலிருந்தும் ஒன்றைக் கூறலாம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் வாழும் தமிழர் பேச்சில், குடிசை இழந்தவர் ‘இடிச்சுட்டாங்க’ என்பர், எழுவாய் தோன்றுவதில்லை. கூலிக்கு இடிக்கச் சென்றவரோ ‘இடிக்கச் சொன்னாங்க, இடிச்சோம்’ என்று கூறக் கேட்டுள்ளேன். முதற்கூற்றில் செய்தவர் முகமற்ற பன்மை. இரண்டாவதில் ஏவுதலும் இயற்றுதலும் அடுத்தடுத்து வருகின்றன; ஏவலைச் சொன்னபின்னும் ‘இடிச்சோம்’ என்னும் தன்மைவினையை அவர் விட்டுவிடவில்லை. வார்டனால் சொல்ல இயலாததை அவர் எளிதாகச் சொல்லிவிடுகிறார். போருக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது, இலக்கணம் ஒன்றே.

7. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும்.

தகர்ப்புச் செயலைச் சொல்லும் மரபுகள் வினைமுதலை வெவ்வேறு இடத்தில் வைக்கின்றன. வஞ்சித்திணை ஏவியவனையே வினைமுதலாக்கி இயற்றியவனை மறந்தது. போர் வரலாறு ஏவியவனின் முடிவை விவாதித்து இயற்றியவனைக் கருவியாகக் கண்டது. திரைப்படம் இயற்றியவனின் உள்ளத்துள் புகுந்தது; ஆயினும் இறுதியில் செயலைத் தற்செயலாக்கி அவனை விடுவித்தது. பூலின் நாவல் மட்டுமே விடுவிக்க மறுத்தது. அவ்வகையில் திரைப்படத்தினும் அதுவே நேர்மையானது.

ஏவப்பட்டவன் குற்றமற்றவன் என்று கூறுவது அவனைக் கருவியாக்குவது. கருவிக்குக் குற்றமும் இல்லை, மாண்பும் இல்லை. அவனே முழுக் குற்றவாளி என்பது ஏவியவனைத் தப்பவிடுவது. ஏவினார்கள், செய்தோம் என இரண்டையும் ஒருங்கே சொல்லும் வாக்கியமே இருவருக்கும் உரியதை அளிக்கிறது. அதனோடு, அழிக்கப்பட்டதைக் கட்டியவர் யார் என்பதையும் சொல்லும் கதையே நிறைவுடையதாகும். தொல்காப்பியர் எண்ணிய எட்டும் வழக்கில் குறையலாம். அறத்தை ஆராயும் இலக்கியத்தில் அவை குறைதல் ஆகாது. சயாமிலிருந்து திரும்பாத ஒருவரின் தம்பி கேட்ட வினா அக்குறையையே சுட்டியது. அதற்கு விடை தேடும் ஆய்வுகள் தமிழில் பெருகுதல் வேண்டும்.